மூன்றில் இரண்டு

கரும்னா ஆற்றங்கரையில் அந்த ஆண்டு
எனக்கு வேலை ஓயவில்லை.
கோத்தியருக்கு மூன்றில் இரண்டு,
பழைய உடைமைக்காரருக்கு மூன்றில் ஒன்று.
சொல்ல ஒரு மூச்சு போதும்.
எக்டீசியா சீமாட்டியின் தோட்டத்தை மட்டும்
அளந்து முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று.

முதல் நாள் கயிறு திராட்சை ஆலைக்குள் நுழைந்தது.
மறுநாள் கிணற்றின் குறுக்கே.
மூன்றாம் நாள் குளியலறை:
நீர் நின்று எட்டு வருடமான தொட்டியில்
வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்.
தரையில் பொடிக்கல் பதித்த ஓங்கில் ஒன்று.
கோல் நேராக அதன் கழுத்தில் விழுந்தது.
(ஓங்கிலுக்குக் கழுத்து ஏது என்று கேட்காதீர்கள்.
அதைப் பதித்தவன் கடலைப் பார்த்தவனில்லை.)

விலியாரித் குனிந்து பார்த்தான்.
வாசலில் தலை இடிக்கும் உயரம்.
உரோமப் படையில் பத்து வருடம் ஈட்டி பிடித்தவன்,
லத்தீனில் என்னைவிட நன்றாக வசை பாடுவான்.
"தலை அவளுக்கா, எனக்கா?"
வால் உனக்கு என்றேன்.
"மூன்றில் இரண்டு வால்!"
சிரித்தது அவன் மட்டும்.

எக்டீசியா வரிப்பானையைக் கவிழ்த்து
எண்ணிக்கொண்டிருந்தாள்.
தண்டல்காரன் வராமல் மூன்று அறுப்பு கடந்துவிட்டது.
இருந்தும் எடுத்து வைக்கிறாள்,
வராத விருந்துக்கு உலை ஏற்றுகிறவள் போல.
"வந்து கேட்டால்?" என்றாள்.
யார் வந்து என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் இரவோ ஆறாம் இரவோ
தீயருகே அவன் சொன்னது இது.
நிறையக் குடித்திருந்தான், குரலில் தள்ளாட்டம் இல்லை.
தானூபைக் கடந்து வந்த பஞ்சத்தில்
அவன் தாய்க்கு ஐந்து வயது.
கரையில் இருந்த உரோம அதிகாரிகள்
ஊர் ஊராக நாய்களைப் பிடித்து வந்து
இறைச்சிக்கு விற்றார்கள்.
ஒரு நாய்க்கு ஒரு பிள்ளை.
தாயின் அண்ணன்
ஒரு செவலை நாய்க்குப் போனான்.
"அவள் அதைத் தின்றாள்.
அதனால்தான் நான் இருக்கிறேன்."
ரொட்டியைப் பிய்த்து
எனக்கும் ஒரு துண்டு நீட்டினான்.

வரைபடம் முடிந்தது, இரண்டு பிரதி.
மேல்வரியில் பேரரசர் பெயர் எழுதுவது வழக்கம்.
சந்தையில் விசாரித்தேன்,
ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.
அந்த வரியை வெறுமையாக விட்டேன்.
முப்பது வருடத் தொழிலில் முதல் முறை;
கை கூசியது.
புர்திகலாவின் ஆவணச்சாலைக் கதவில் ஆணி அடித்திருந்தது,
உள்ளே புறாக்கள் குமுறிக்கொண்டிருந்தன.
பிரதியோடு திரும்பி வந்தேன்.
விலியாரித்தின் மனைவி ரனிஹில்டா
அதில் பாலாடைக்கட்டியைச் சுற்றினாள்.
தோல் உயர்ந்த தோல் என்று மெச்சினாள்.

எல்லைக்கு அவர்கள் மொழியில் மார்கா என்று பெயர்.
நான் நட்ட கற்கள் இருபத்தேழு.
எக்டீசியாவின் நொண்டி நாய்க்கு அதெல்லாம் தெரியாது.
பொழுது சாய்ந்தால் கல்லைத் தாண்டி வந்து
விலியாரித்தின் காலடியில் சுருண்டுவிடும்.
அவன் அதைப் பார்க்கமாட்டான்.
விரட்டவும் மாட்டான்.
காலை மெல்ல நகர்த்தி
இடம் விடுவான்.

கூலிக்கு நாணயம் இல்லை.
அவள் ஒரு மூட்டை பார்லி, அவன் இரண்டு மூட்டை:
அதிலும் கணக்குப் பிசகவில்லை.
கழுதைமேல் ஏற்றிக் கட்டிவிட்டுக்
குளியலறையில் மறந்த தூக்குக் குண்டை எடுக்கப் போனேன்.
பெண்கள் இருவரும் ஓங்கிலின் மேல்
வெங்காயம் பரப்பி
எந்தக் குவியல் எவளுடையது என்று
கத்திக்கொண்டிருந்தார்கள்,
ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் புரியாமலே.
கோலைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.
போய்த் தொலை என்றாள் சீமாட்டி.
மற்றவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை.
கை காட்டிய திசை விளங்கியது.