வாளையாரில் நாலு ஓவர்

வரிசை நகரும்வரைதான் ஆட்டம்.
எத்தனை ஓவர் என்பது
செக்போஸ்ட்காரர் கையில்.

ஷைஜு பாலக்காட்டு லீக்கில் ஆடுகிறவன்.
நாங்கள் நாமக்கல் முட்டை லாரி.
ஐம்பது ஓவர் என்றால்
மத்தியானத்துக்குள் எங்களைத் துவைத்துத்
தார்ப்பாயோடு காயப்போட்டிருப்பான்.

நாலு ஓவரில்
அவன் திறமைக்கு வேர்க்கவே நேரமில்லை.
கிளீனர் செங்கோடன் கண்ணை மூடிச் சுற்றியது
விளிம்பில் பட்டு
கன்டெய்னருக்கு அடியில் புகுந்து நாலு ரன்.
அதிர்ஷ்டம் இவ்வளவு தூரம் நடக்கும்,
இதற்குமேல் கால் கடுக்கும் அதற்கு.

இரண்டு பந்து, மூன்று ரன்.
முதல்முறையாக ஷைஜு
பந்தைச் சட்டையில் தேய்க்கிறான்,
டென்னிஸ் பந்தை.

பின்னால் ஹாரன்.
முன்னால் சாலை காலி.

கஞ்சிக்கோடு தாண்டியும்
செங்கோடன் கை
வெறுங்காற்றில் அந்த இரண்டையும்
ஆடிக்கொண்டே வந்தது.
ஒன்றில் அவுட்டும் ஆனான்.