ஏழாவது வாரம்

பன்னிரண்டு வாரத் திட்டம்.
நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்,
ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் அதே கையால்.
திங்கள்: குந்தி எழு.
புதன்: படுத்துத் தள்ளு.
வெள்ளி: தரையிலிருந்து தூக்கு.
ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து முறை,
வாரத்துக்கு இரண்டரைக் கிலோ கூடும்.
அதுக்கு மேல ஆசைப்படாதீங்க மேடம், என்றார் ரூஃபஸ்.

வேளச்சேரியில் ஒரு கீழ்த்தளம்.
மின்விசிறி இரண்டு, சுற்றுவது ஒன்று.
முதல் வாரம் வெறும் கம்பி.
இரண்டாம் வாரம்
ஆபீஸ் மாடிப்படி இறங்க
கைப்பிடிச் சுவரிடம் கெஞ்சினேன்.
ஐந்தாம் வாரம் ஜாக்கெட் கை இறுகியது.
பிரிக்கக் கொடுத்தபோது டெய்லர் கேட்டார்,
வெயிட் போட்டுட்டீங்களா?
ஆமாம், நாற்பது கிலோ.

ஏழாம் வாரம் ஏரி வீட்டுக்கு வந்தது.
ராத்திரி பதினொன்றுக்கு முழங்கால் வரை.
கீழ்வீட்டு பர்வீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
வாஷிங் மெஷின்.
குந்தி, முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கட்டி,
எழு.
பிறகு இன்வெர்ட்டர் பேட்டரி, அரிசி டிரம்,
நாற்காலியோடு அவள் மாமனார்.
நீங்க எத்தனை கிலோ என்று கேட்க
நாக்கு நுனி வரை வந்தது.
நோட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஒன்பது நாள் கழித்துப் போனேன்.
ரூஃபஸ் சேற்றில் உட்கார்ந்து
உப்புத்தாளால் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
துருவோடு எண்களும் போயிருந்தன.
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து
நான் சொல்லச் சொல்ல
சாக்பீஸால் எழுதினார்:
பத்து. பதினைந்து. பத்து. ஐந்து.

ஒரே ஒரு தட்டில் தகராறு.
இருபது என்கிறார் அவர்.
இல்லை.