பதிவுத் தபால்

உறையைப் பிரிக்க எனக்கு உரிமையில்லை.
வெளியே இருப்பதை வாசிப்பேன், அவ்வளவுதான்.

டுலூத் நகரின் மேட்டுத் தெரு,
கடைசி வீடு, வெர்லா ஹாகன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
நான்கு வங்கிகள் மாதம் தவறாமல்
அவள் பெட்டிக்கு வந்து போயின.

பிப்ரவரியில் ஒரு வழவழப்பான உறை:
‘உங்கள் கடன் பாதியாகும்.’
அதன்பின் வங்கிகளுக்கு அவள் எதுவும் அனுப்பவில்லை.
“கட்ட வேண்டாம்னுட்டாங்க,
அவங்களே பேசிக்கிறாங்களாம்,”
பனியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.
முதல் தேதிதோறும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும்
முந்நூற்றுப் பத்து டாலர்
என் பையில் ஏறியது.

யாரும் யாரோடும் பேசவில்லை போலும்.
வட்டி குட்டி போட்டது.
உறைகளின் ஓரம் சிவந்தது.

நவம்பரில் வழக்கறிஞர் கடிதம்,
கையெழுத்து வேண்டும்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
என் பேனாவை வாங்கினாள்.
“அவங்க அனுப்பினதா?”
இல்லை என்றேன்.
பேனாவைத் திருப்பிக் கேட்க
வாய் வரவில்லை.

அவள் போட்ட கடைசிக் காசோலை
மறுவாரம் திரும்பிவந்தது:
இந்த முகவரியில் எவருமில்லை.

இன்று பையில் அதே வழவழப்பு,
வேறொரு கம்பெனியின் பெயரில்
நாற்பத்தொரு வீடுகளுக்கு.
வெர்லாவுக்கும் ஒன்று.