அடுத்த பொருள்

பீட்டர்ஹெட் துறைமுகம். மீன் ஏலக்கூடத்துக்கு மேல்மாடியில்
செவ்வாய், வியாழன் மாலைகளில் என் ஆங்கில வகுப்பு.
கையுறை கழற்றியும் போகாத வாடையோடு
பதினோரு பேர் வருவார்கள்.
அக்டோபரில் ஒருநாள் பலகையில் எழுதினேன்:
ரிகவர்.

காய்ச்சலில் கிடந்தவர் தேறுவது, என்றேன்.
இருமிக் காட்டினேன். இல்லாத போர்வையை விலக்கி
எழுந்து உட்கார்ந்து
சூப் கேட்டேன்.
டைவா சிரித்துவிட்டாள்,
நோட்டில் லிதுவேனிய மொழியில் ஏதோ எழுதிக்கொண்டாள்.
மணி ஒன்பதாகியிருந்தது.
இதற்கு இன்னொரு பொருள் உண்டு,
அது அடுத்த வாரம், என்று
விளக்கை அணைத்தேன்.

ஞாயிறு விடியுமுன்
ராட்ரே முனைக்கு வடக்கே படகு கவிழ்ந்தது.
ரிமான்டாஸும் இன்னும் இருவரும்.
மதியம் கடலோரக் காவலிலிருந்து தொலைபேசி.
நிதானமான குரல், நீளமான வாக்கியம்.
அதில் அவளுக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு:
கணவர்.
ரிகவர்.

நன்றி என்றாளாம். மூன்று முறை.
பிறகு பார்லி சூப் வைத்து
பிளாஸ்கில் ஊற்றி
உலர்ந்த காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு
மழையில் இறங்கித் துறைக்கு நடந்தாள்.

இதையெல்லாம் சொன்னது கிரிகர்,
அன்று படகுத்துறை வாசலில் காவல் நின்றவன்,
ரொட்டிக் கடை வரிசையில், என் முகத்தைப் பாராமல்.
"எனக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள்.
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
குடித்தேன்."

இலக்கணம் கொஞ்சம்தான்.
அந்த வினைக்குப் பின்னால் பொருள் இல்லையென்றால்
ஆள் எழுந்து நடப்பார்.
பொருள் வந்துவிட்டால்
ஆளே பொருள்.
கயிறு கட்டித் தூக்கலாம், எடை பார்க்கலாம்,
நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கலாம்.
ஐந்து நிமிடம் போதும் இதைச் சொல்லிக்கொடுக்க.
அன்று பேருந்தைப் பிடிக்கும் அவசரம் எனக்கு.
பேருந்தும் தாமதமாகத்தான் வந்தது.

நவம்பர் கடைசியில் டைவா வந்தாள்.
அதே நாற்காலி. ஈரம் சொட்டும் கோட்டு.
நான் அன்று கேள்விச் சொற்கள் நடத்தினேன்,
யார், எங்கே, எப்போது,
பலகையைப் பார்த்தபடியே.
போகும்போது பழைய வீட்டுப்பாடத்தை மேசையில் வைத்தாள்.
ரிகவர்: சொந்த வாக்கியத்தில் எழுதுக.

ஒரே வாக்கியம்தான். பென்சிலில், அழுத்தி:
'படகுக் கடனை வங்கி என்னிடம் ரிகவர் செய்யும்.'

எழுவாய் சரி. காலம் சரி.
பொருளும் சரி.
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்,
திறந்தேன்,
ஒரு டிக் போட்டேன்.