பிளாட் எண் பதினேழு

கண்டனூர்ப் பொட்டலில் கல் நட இறக்கிய கடப்பாரை
பாதியில் வழுக்கி உள்ளே போனது.
சேவுகன் மண்ணை மோந்தான்.
“வெள்ளெலி. விடிஞ்சதும் வாசலை
உள்ளேருந்தே மண்ணு தள்ளி அடைச்சிரும்.”

மூன்று வளை கண்டோம்.
நாலாவது, அவசரத்துக்கு,
விரற்கடை மண்ணை மேலே விட்டுத்
தோண்டி நிறுத்தியது,
என் செருப்புக்கு அடியில் இருந்தது.

தரை வெடித்து ஒரே தாவல்.
கறுத்த வால்குஞ்சம் சரளைமேட்டில் ஒருமுறை.
அப்புறம் ஆவாரஞ்செடி மட்டும்.
நாய் வாயில் வால்தோல்,
உறை கழற்றினாற்போல.

வளைக்குள் புல்விதை ஒரு கைப்பிடி,
கொஞ்சம் கடலைத் தொலி.
விதையில் இருக்கும் ஈரமே அதற்குப் போதுமாம்.

“தண்ணி எத்தனை அடியில?”
காரிலிருந்தே கேட்டார்
பிளாட் வாங்க வந்தவர்.
சேவுகன் என்னைப் பார்த்தான்.
நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.