நானூற்றுப் பதினெட்டு

கோரையாற்றுப் பக்கம், எனக்கு முன்பின் தெரியாத ஊர்.
வரிசை எண் நானூற்றுப் பதினெட்டு, விமல்ராஜ்.
மை வைக்கிறேன், விரல் நிற்கவில்லை.
கோடு நகத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகிறது.

“வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடுறவன் சார்,
ரெண்டு தடவை உள்ளே போயிட்டு வந்தான்.”
குனிந்து சொன்ன ஏஜெண்டின் மூச்சில்
நேற்றைய பாட்டில்.
கடை மூடி இரண்டு நாளாயிற்று.

நான் மருந்தாளுநர்.
இந்த நடுக்கத்துக்கும் மருந்து உண்டு,
என் சுகாதார நிலையத்தில் இல்லை.
கேட்டு எழுதி மூன்று வருஷம்.
அதற்குத் திருவாரூர் போகணும், இரண்டு பஸ் மாறி.
ஸ்டேஷன் மட்டும் நடக்கிற தூரம்.
சட்டம் எழுதியவர் எவரும்
இந்தக் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை.

மாலை. எழுநூற்று மூன்று.
படிவத்தில் எல்லாக் கட்சியும் கையெழுத்து, ஆளுக்கொரு நகல்.
மாத்திரை எண்ணிப் பழகியவன் நான்,
எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமில்லை.
கவரை எண்ணத்தான் படிவம் தரவில்லை.

கேசுக்காரன் என்று அவன் வீட்டைத் தாண்டிப் போனார்களாம்.
விலை பேசாத ஓட்டு அது ஒன்றுதானோ என்னவோ.
யாருக்குப் போட்டான், தெரியாது.
தெரியவும் கூடாது.
அட்டை மறைப்புக்குப் பின்னால்
வெகு நேரம் நின்றான்.
பிறகு அந்த பீப்,
நீளமாக, நடுங்காமல்.