நாற்பதில் முப்பத்தெட்டு

இந்தத் தடவை ஆண்டறிக்கை என் தலையில் விழுந்தது.
"உங்கள் கையெழுத்து நேராக இருக்கும், கிளீட்டஸ்" என்று
சிஸ்டர் ரோசலிண்ட் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.
உறுப்பினர் ஒன்பது. வருவது ஆறு பேர்.
கையிருப்பு அறுபத்தோரு டாலர், காப்பித்தூள் பாக்கி போக.

கூடுவது புனித ரோக் ஆலயத்தின் நிலவறையில்.
அங்கே முனகிக்கொண்டிருக்கும் கொதிகலன்
குண்டு ஆலையின் நன்கொடை.
சமாதானம் கேட்டு மண்டியிடுகையில்
அயோவாக் குளிர் எங்கள் முழங்காலைத் தொடாதது அதனால்தான்.
இதை எழுதலாமா என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எழுதிவிட்டேன்.

சாம்பல் புதன், காலை ஷிஃப்ட் மாறும் நேரம்
ஆலை வாசலில் நின்றோம்.
கிண்ணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது காற்று.
மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று
சிஸ்டர் சொல்லச் சொல்ல
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின கார்கள்.
ஒருத்தி மட்டும் இறக்கினாள்.
"உன் பென்ஷனும் இங்கேயிருந்துதானே வருகிறது?"
லேத்தில் எனக்கு அடுத்து நின்றவள், ட்வைலா.
ஆமாம் என்றேன்.
"சரி" என்றாள்.
நெற்றியைக் காட்டாமலே போனாள்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையை
ஊருக்குள் நடந்தோம்.
தீர்ப்பிட்ட முதல் நிலைக்கு நீதிமன்றம்.
ஆடை களைந்த பத்தாம் நிலைக்கு அடகுக்கடை.
முதல் முறை விழுந்த இடத்துக்கு
இறைச்சி ஆலையின் பின்வாசல்:
லூஸ் அர்ரியாகாவின் மைத்துனர்
கொழுப்பில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட படி அது.
அவள் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள், நீளமாக.
ஒரு சொல்லும் விளங்காமல்
தொப்பியைக் கழற்றி நின்றோம்.

செவ்வாய்க்கிழமைகளைத் தனித்தனியே எழுதவில்லை.
குடிவரவு அலுவலகத்துக்கு வேன் போனது, வந்தது.
டயர் இரண்டு மாற்றினோம்.
கையெழுத்துப் போட உள்ளே போனவர்கள்
எல்லாரும் வெளியே வந்தார்கள், ஒருவரைத் தவிர.
அவர் பெயர் இங்கே வேண்டாமென்று
அவர் மனைவி கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் ஆறு.
ஹிரோஷிமாவை நினைத்து ஆற்றில் விட
விளக்குக் கூடுகள் நாற்பது. செய்தது நான்.
வெள்ளைத் தாள், பசை, அடியில் மெல்லிய பலகை.
அளவுகோலைத் தேடவில்லை,
கை தானாக வளைத்தது.
முந்தின இரவு, சமையல் மேசையில்
என்னவோ தோன்றி
பழைய காலிப்பரை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
விட்டம் நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்.
அடுத்ததும்.
அதற்கடுத்ததும்.
நாற்பதிலும் மயிரிழை பிசகில்லை.

இருபத்தேழு வருஷம்
அந்த அளவுக்குத்தான் இரும்பைக் கடைந்தேன்.

வேறு தாள் இல்லை. கடையும் பூட்டியாகிவிட்டது.
ஆற்றில் விட்டோம்.
"எப்படி எல்லாம் ஒரே மாதிரி?" என்று
லூஸின் மகள் கேட்டாள்.
பழக்கம் என்றேன்.
அழகாகத்தான் இருந்தது.
அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆற்றைக் குப்பையாக்கக் கூடாதென்பது அனுமதியின் நிபந்தனை.
டுவேன் படகில் போய் வலையால் அள்ளினார்.
எண்ணினோம்: முப்பத்தெட்டு.
"இரண்டுதானே, கரைந்துபோகும்" என்றார்.
எல்லாரும் போன பிறகு
டார்ச்சோடு நாணலுக்குள் இறங்கினேன்.
விடியும்வரை கொசுவும் சேறும்.
கிடைக்கவில்லை.

செய்து அனுப்பியது எங்கே விழுந்ததென்று
அதற்கு முன்னால் ஒரு நாளும்
நான் தேடிப் போனதில்லை.

அடுத்த ஆண்டும் இதே நிகழ்ச்சிகள் என்று தீர்மானம்.
டுவேன் வழிமொழிந்தார்.
விளக்குகளை இனி வேறு யாராவது செய்யட்டும் என்றேன்.
"ஏன், நன்றாகத்தானே வந்தது?" என்றார் சிஸ்டர்.

காரணம் மேலே இருக்கிறது.
ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்க வேண்டும்,
உரக்க,
மூன்றாவது பெஞ்சில் ட்வைலா உட்கார்ந்திருப்பாள்.